குளிர வை

கடலுக்கு நடுவே குழாயில் ஓடும் கச்சா எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது என்பது, அதன் பக்கத்தில் நிற்பவனைவிடக் கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னதாகத் தெரிந்துவிடும் என்று ஆகிவிட்ட காலம் அது. காந்த வளையங்கள் வந்தபின் ஏற்பட்ட மாற்றம். அதற்குமுன் ஒவ்வொரு எண்ணெய் மேடையிலும் ஒரு சின்ன ஊரே குடியிருந்தது. வளையங்கள் வந்ததும் ஊர் காலியாயிற்று. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த கரை நிலையத்தோடு இணைந்த மேடையில் இப்போது மூன்று பேர்தான். கேட்பவர்கள் கரையில், தொடுபவர்கள் கடலில், இடையில் ஒரே ஒரு தொலைபேசித் தொடர்பு.

நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வளையத்தைப் பற்றி விளக்குவது ஹபீபின் வேலை. நாகூர்க்காரன். கட்டுப்பாட்டு அறையில் தலைமைப் பொறியாளர் சட்டைநாதனின் பக்கத்து நாற்காலி அவனுடையது.

"குழாயைச் சுத்திப் பெரிய காந்தம் ஒண்ணு இருக்குங்க. அது எண்ணெயைக் கூப்பிடும். எண்ணெய்ல இருக்குற ஹைட்ரஜன் பதில் சொல்லும். எண்ணெய் நல்லா ஓடுற பதத்துல இருந்தா பதில் நீளமா வரும், கல்யாண வீட்ல கையைப் பிடிச்சுக்கிட்டு விடாமப் பேசுற சித்தப்பா மாதிரி. உள்ள ஏதாவது கெட்டியாத் திரள ஆரம்பிச்சிருந்தா, அந்தத் துணுக்கு மட்டும் 'ம்'னு ஒரு சத்தத்தோட வாயை மூடிக்கும். அந்த 'ம்' எத்தனைன்னு பார்த்தா கெட்டி எவ்வளவுன்னு தெரிஞ்சு போயிடும். கண்ணால பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"கெட்டியானா என்ன ஆகும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"அடைச்சுக்கும். அடைச்சா ஒருநாள் வெடிக்கும்," என்பான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க சாரும் அந்த ஜாதிதான். எதைக் கேட்டாலும் 'ம்'. அத்தோட சரி," என்பான்.

சட்டைநாதன் காதில் அது விழும். விழாதது போல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

சொந்த ஊரில் அவருடையதை விளக்குக்கார வீடு என்பார்கள். கோயிலின் நந்தா விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் கட்டளை தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துடையது. அந்த வீட்டில் நெருப்பைப் பற்றி 'அணை' என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. விளக்கைக் குளிர வைப்பார்கள், அடுப்பைக் குளிர வைப்பார்கள். விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தை வராது. வந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. சட்டைநாதன் பொறுப்பேற்ற நாளிலிருந்து நிலையத்திலும் அதுவே மொழி. மேடையில் எண்ணெயைச் சூடாக்கும் உலை ஒன்று இருந்தது. அதையும் குளிரத்தான் வைத்தார்கள். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. நாளடைவில் கரையில் இருந்த அத்தனை பேர் நாவிலும் அது படிந்துவிட்டது.

அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு குறைந்தால் மார்கழி மாதத்து நெய் போல உறைந்துவிடும். வளையங்கள் வந்த புதிதில், கெட்டி தெரிந்தால் கரையிலிருந்தபடியே உலையை நிறுத்தும் தானியங்கி ஏற்பாடு இருந்தது. அது பொய் எச்சரிக்கைக்கெல்லாம் நிறுத்தித் தொலைத்ததில் குழாய் முழுவதும் உறைந்து, சுத்தம் செய்ய மழைக்காலம் முழுவதும் போயிற்று. அதை எடுத்துவிடச் சொன்னவர் சட்டைநாதன்தான். "நெருப்பை மனுஷன் கையாலதான் குளிர வைக்கணும்," என்றார். மேலிடமும் ஒப்புக்கொண்டது.

மேடையில் இருந்த மூவரில் ஒருத்தி அவருடைய மகள்.

மங்கையர்க்கரசி. வளையங்களைப் பராமரிக்கும் பொறியாளர். எல்லோருக்கும் அரசி. மூன்று வருடங்களுக்கு முன் கீழ்க்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ரூபனை மணந்துகொண்டாள். அவன் அதே மேடையில் உலையைப் பார்த்துக்கொள்பவன். சட்டைநாதன் கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுநாள் வழக்கம் போல வேலைக்கு வந்தார். மாற்றல் கேட்கவில்லை, அவர்களை மாற்றச் சொல்லவும் இல்லை. கேட்டால் நடந்ததை நடந்ததாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். மேடையோடு பேசும்போது கரையிலிருந்து ஹபீப் பேசுவான். அங்கிருந்து மூன்றாவது ஆள் பேசுவான். அரசியிடமும் ரூபனிடமும் தொடர்பைக் கொடுக்கக் கூடாது.

அந்த மூன்றாவது ஆள் இப்போது ஜெகன். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழன். வேலையில் கெட்டிக்காரன். கடலுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்று மதியம் ஹபீப் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன், மூடிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"சார். முதல் வளையத்துல கெட்டி காட்டுது."

முதல் வளையம் உலையிலிருந்து எண்ணெய் வெளியே வரும் இடத்தில் இருந்தது. சட்டைநாதன் நாற்காலியை நகர்த்தாமல் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"மெழுகா?"

"மெழுகுன்னா கொஞ்சம் முனகிட்டுல்ல அடங்கும். இது சட்டுனு அடங்குது. குரல் கொடுக்கக் கொடுக்கவே வாயை மூடுது."

"உலையை விட்டு வர்ற எண்ணெய்ல மெழுகு எப்படி இருக்கும்? கரி அது," என்றார் சட்டைநாதன். "உலைக்குள்ள குழாயில கரி கட்டுது. அதோட துணுக்கு உதிர்ந்து வருது."

ஹபீப் டப்பாவைத் தள்ளி வைத்தான். உலைக்குள் இருக்கும் குழாயில் கரி படிந்தால் நெருப்பின் சூடு எண்ணெய்க்குப் போகாது. இரும்பிலேயே தங்கிவிடும். இரும்பு சிவக்கும், இளகும், கிழியும். உள்ளே ஓடும் எண்ணெய் அப்படியே நெருப்பின் மேல் கொட்டும். மேடை ஒரு பெரிய வீட்டு மனை அளவுதான். ஓடி ஒளிய இடம் இல்லை.

"உலையைக் குளிர வைக்கச் சொல்லு. உடனே."

ஹபீப் தொடர்பை எடுத்தான். ஜெகனின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"சொல்லுங்க பாய், சாப்பிட்டாச்சா?"

"அது கிடக்கட்டும் தம்பி. உலையில கரி கட்டுது. உடனே குளிர வைங்க. சார் உத்தரவு."

"அப்படியா? சரி பாய், இதோ குளிர வச்சிடுறேன்."

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலைச் சுவரின் சூட்டைக் காட்டும் கோடு கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. சற்று நின்று, மேலே ஏறியது.

"இன்னும் எரியுதே."

"இப்பத்தானே சார் சொன்னோம்."

கோடு மேலும் ஏறியது. இப்போது இரண்டாவது வளையத்திலும் கெட்டி தெரிந்தது.

"அவதான்," என்றார் சட்டைநாதன்.

"யாரு சார்?"

"வளையம் அவ பொறுப்பு. அவளைக் கேக்காம அங்க ஒண்ணும் நடக்காது. நான் சொன்னேன்கிறதுக்காகவே செய்யாம நிக்கிறா. பத்தாவது படிக்கும்போதே அப்படித்தான். சொன்னதுக்கு நேர் எதிரா ஒண்ணு செஞ்சாகணும்."

"அரசிம்மா அப்படிச் செய்யற ஆள் இல்ல சார். நான் வேணா அவங்ககிட்டயே லைனைக் குடுக்கச் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை நீங்களே..."

"வேண்டாம்."

"சரி, உலையைப் பாக்குறது ரூபன்தானே. அவன்கிட்டயாவது..."

"ஹபீப்."

அந்த ஒரு பெயரோடு பேச்சு முடிந்தது. ஹபீப் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஜெகனை அழைத்தான். சட்டைநாதன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"சொன்னதைச் செய்யச் சொல்லு. அரைகுறையா வேண்டாம். முழுசாக் குளிர வைக்கணும்னு சொல்லு."

ஹபீப் அப்படியே சொன்னான்.

"பாதி திறந்துட்டேன் பாய்," என்றான் ஜெகன். அவனுக்கு மூச்சு வாங்கியது. "முழுசுன்னா கையால சுத்தணும், இங்க பட்டன்ல ஆகாது. வெளிய போய்த் திறந்துட்டு வந்துடுறேன்." தொடர்பு அப்படியே கிடந்தது. காலடி ஓசை தேய்ந்து மறைந்தது.

சட்டைநாதன் முதல் முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"என்னத்தத் திறக்குறான்?"

உலையைக் குளிர வைக்கிறவன் எரிவாயு வால்வை மூடுவான். திறப்பதற்கு அங்கே எதுவும் கிடையாது. ஹபீபின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. திரையில் வேறொரு கோடு வந்தது. மேடையிலிருந்து கரைக்கு வரும் எண்ணெயின் சூடு. மாடிப்படியில் தவறி விழுந்தவன் மாதிரி அது கீழே போய்க்கொண்டிருந்தது.

"கூலரைத் திறந்திருக்கான் சார். கடல் தண்ணியை விட்டு எண்ணெயை ஆற வைக்கிறான்." ஹபீப் நிறுத்தினான். "குளிர வைக்கச் சொன்னோம்ல. வச்சுட்டான்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவனே முதலில் சிரித்திருப்பான்.

உலை எரிந்துகொண்டே இருந்தது. வெளியே வந்த எண்ணெய் ஆறி, குழாய்க்குள் மெழுகாகத் திரண்டுகொண்டிருந்தது. இரண்டாவது வளையம் முனகி முனகி அடங்கியது. மூன்றாவதிலும் முனகல் தொடங்கியது. முன்னால் அடைக்க அடைக்க, பின்னால் உலைக்குள் எண்ணெயின் ஓட்டம் குறைந்தது. ஓட்டம் குறையக் குறைய இரும்பு மேலும் சிவந்தது. முதல் உத்தரவு செய்த கேடு பாதி. முழுசாக என்று அவர் அழுத்திச் சொன்னது மீதி.

"ஜெகன். தம்பி. ஜெகன்." ஹபீப் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆளில்லாத அறையில் அவன் குரல் மட்டும் ஒலித்துத் திரும்பியது.

மேடையின் மேல்தளத்தைக் காட்டும் படக்கருவி ஒன்று இருந்தது. அதில் சட்டைநாதன் பார்த்தார். முதல் வளையத்தின் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அரசி முழங்காலிட்டிருந்தாள். அவளும் கெட்டியின் குறியைக் கண்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் உலை. பக்கத்தில் நீலத் தலைக்கவசத்தோடு ரூபன். மூன்று வருடங்களில் அந்தத் தலைக்கவசம் திரையில் எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் வேறு படத்துக்கு மாற்றியிருக்கிறார். ஜெகன் எங்கோ கீழ்த்தளத்தில் வால்வோடு போராடிக்கொண்டிருந்தான். எரிவாயு வால்வுக்குப் பக்கத்தில் இருந்தவன் ரூபன் ஒருவன்தான்.

"ஸ்பீக்கர் இருக்கு சார்," என்றான் ஹபீப். "அபாய ஒலிபெருக்கி. மேடை பூராவும் கேக்கும். ஆனா நான் சொன்னா எடுபடாது. கரைத் தலைமையோட குரல்ல வந்தாதான் மேடையில அதை உத்தரவா எடுத்துக்குவாங்க. விதி அப்படி." ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். "குளிர வைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கீழ ஜெகனும் கேப்பான். இன்னும் நல்லாத் திறப்பான்."

சட்டைநாதன் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டுச் சும்மா நின்றார். கடலுக்கு நடுவே ஒலிபெருக்கி கரகரத்தது. படத்தில் நீலத் தலைக்கவசம் நிமிர்ந்தது.

அவருடைய தாத்தா, அப்பா, எவர் வாயிலும் ஏறாத சொல். அதற்கும் முன்னால் சொல்ல வேண்டிய இன்னொரு சொல்லும் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் இந்த மனிதன் நெருப்புக்குள் போகப் போகிறான். அவனை யாரோ ஒருவனாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். "நான் சட்டைநாதன் பேசுறேன். உலையை அணைங்க. கேஸை மூடி அணைங்க. உடனே அணைங்க."

படத்தில் ரூபன் ஒரு கணம் ஒலிபெருக்கியையே பார்த்தபடி நின்றான். பிறகு அரசியின் தோளைப் பிடித்துத் தூக்கிப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு உலையை நோக்கி ஓடினான். வால்வுச் சக்கரம் உலைச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரே அடுப்பின் மேல் காய்ந்த தோசைக்கல் மாதிரி ஆகியிருக்கும். அவன் சக்கரத்தைப் பிடித்தான். கையை இழுத்துக்கொண்டான். மறுபடியும் பிடித்தான். பிறகு விடவில்லை. காற்று திசை மாறி, படம் முழுவதும் புகையாயிற்று.

உலைச் சுவரின் கோடு ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் தயங்கியது. நின்றது. பிறகு மெல்ல வளைந்தது.

தொடர்பில் இருமல் கேட்டது. அரசி.

"ஹபீப் அண்ணே, உலை குளிர்ந்துடுச்சு. கூலரையும் மூடிட்டோம். குழாய் பூரா உறையறதுக்குள்ள பின்னாடி டீசலைத் தள்ளி மெழுகைக் கரைக்கிறேன், அந்தப் பக்கம் வழி விடுங்க." குரல் உடைந்தது. "அப்புறம் ஒரு படகு அனுப்பச் சொல்லுங்க. இவருக்குக் கை ரெண்டும் போச்சு."

சட்டைநாதன் ஒலிவாங்கியின் அருகில்தான் நின்றிருந்தார். படகுக்கு அவரே போய்ச் சொன்னார்.

மறுநாள் காலை அவர் மருத்துவமனைக்குப் போனார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். வாசலில் நின்றிருந்த ஜெகன் அவரைக் கண்டதும் அழத் தொடங்கினான். "சார், எனக்கு அந்த அர்த்தம் தெரியாது சார். எங்க வீட்ல குளிர வைன்னா ஃபிரிட்ஜ்தான்." அவர் அவன் முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனார்.

ரூபன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. அவரைப் பார்த்ததும் கும்பிடத்தான் கைகளைத் தூக்கினான். அவை சேரவில்லை. பாதி வழியில் தூக்கியபடியே இருந்தான். சட்டைநாதன் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் கைகளைக் கூப்பினார். தன்னைவிட வயதில் சிறியவருக்கு அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

"உக்காருங்கப்பா," என்றாள் அரசி. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"விரல் மடங்குமா?" என்று கேட்டார்.

"வலது கை மடங்கும்கிறாங்க. இடது கை... பாக்கலாம்கிறாங்க," என்றாள் அரசி.

வெளியே தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட நகர்ந்து போயிற்று.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றான் ரூபன். "ஸ்பீக்கர்ல உங்க குரல் வந்ததும் நான் கொஞ்சம் நின்னுட்டேன். பாத்திருப்பீங்க."

"பாத்தேன். நான் கூப்பிட்ட முறை உங்களுக்குப் புதுசு."

"அதுக்கு இல்லை மாமா. அணைன்னு சொன்னீங்களே, அதுக்கு. எங்க வீட்ல அந்த வார்த்தை கிடையாது. இவ வந்த அன்னைக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டா, நெருப்பை அப்படிச் சொல்லக் கூடாது அத்தைன்னு. எங்கம்மா இப்ப மீன் சுடுற அடுப்பைக்கூடக் குளிர வைடான்னுதான் சொல்லுது. குப்பத்துல பாதிப் பேருக்கு அது தொத்திக்கிச்சு. அப்படி இருக்க, விளக்குக்கார வீட்டுக்காரரே வாயைத் திறந்து அணைன்னு சொல்றாருன்னா, சாவு பின்னாடியே நிக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. அதுதான் இவளைத் தள்ளி விட்டுட்டு ஓடுனேன்."

அவன் சிரிக்க முயன்றான். சட்டைநாதன் சிரிக்கவில்லை. அவர் கண் அந்தக் கட்டுகளின் மேல் இருந்தது. தன் வீட்டு நிலைவாசலுக்குள்ளேயே காத்து வைத்திருப்பதாக நினைத்த 'குளிர வை' என்ற சொல், மூன்று வருடமாகக் கடற்கரைக் குப்பத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. மேடையில் அதைச் சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரிடம்தான் தொடர்பைக் கொடுக்காதே என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

அதை அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஹபீப்.

"சார், ஆஸ்பத்திரியிலயா? மூணு வளையமும் பேசுது சார். டீசல் தள்ளினது வேலை செஞ்சிருக்கு. மேடைக்கு மாத்து ஆளுங்களும் போய்ச் சேந்தாச்சு. கூப்பிட்டா நின்னு நிதானமாப் பதில் சொல்லுது எண்ணெய். உலையை மறுபடி பத்த வைக்கிறதுக்கு முன்னாடி உள் குழாயைச் சுரண்டணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது? அந்த உலையை அறிஞ்சவங்க யாராவது சொன்னாத் தேவலை. யாரைக் கேக்குறது?"

சட்டைநாதன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

"மாப்பிள்ளைகிட்ட கேளு," என்றார். "இனிமே மேடை சமாச்சாரம்னா லைனை அவர்கிட்டயே குடு."

போனை ரூபனின் காதோடு சேர்த்துப் பிடித்தார். ரூபன் மெதுவாக, ஒவ்வொரு குழாயாகச் சொல்லத் தொடங்கினான். அது நீண்ட பேச்சு. நடுவில் அரசி, "நான் பிடிச்சுக்கிறேன், குடுங்கப்பா," என்று கை நீட்டினாள். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். தோள் வலித்தது, முழங்கை நடுங்கியது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, பேச்சு முடியும் வரை கையை இறக்காமல் அவர் பிடித்திருந்தார்.